அவுட்ஃபிட்டர் முகாமுக்கு அருகே கூடாரம் அடிப்பது எப்படி: பொதுநிலத்தில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

அமெரிக்காவின் கொலராடோ, வயோமிங், மொன்டானா, ஐடஹோ மாநிலங்களின் தேசிய வனங்களில் எல்க் என்ற பெரிய மானின் வேட்டைப் பருவம் தொடங்கியதும் ஒரே பள்ளத்தாக்குக்குள் இரண்டு வகை ஆட்கள் வந்து சேர்கிறார்கள். ஒரு வகை, தன் பெயரில் உரிமம் எடுத்து, தன் கூடாரத்தைத் தானே சுமந்து வரும் தனி வேட்டைக்காரர். இன்னொன்று அவுட்ஃபிட்டர். இவர் தொழில்முறையில் குதிரை, கூடாரம், சமையல், வழிகாட்டி எல்லாம் வைத்து, பல ஆயிரம் டாலர் கட்டிய வாடிக்கையாளர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போகிறவர். இருவரும் தேடுவது ஒரே மிருகம், ஒரே தண்ணீர், கூடாரம் போடத் தோதான ஒரே சமதரை.

இவர்களுக்குள் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி, கூடாரத்தை எங்கே அடித்தோம், எப்போது பேசினோம் என்ற இரண்டில் தொடங்குகிறது. இடத்தை யோசித்துத் தேர்ந்து, முதல் நாளே நேரில் போய்ப் பேசிவிட்டால், மீதி நாட்கள் அமைதியாகப் போகும். இரு தரப்புக்கும் எல்க் கிடைக்கும் வாய்ப்பும் கூடும்.

படி 1: அவர் கையில் இருக்கும் அனுமதி என்ன, என்னவல்ல

தேசிய வனத்தில் தொழில் நடத்த அவுட்ஃபிட்டருக்கு அமெரிக்க வனத்துறையின் சிறப்புப் பயன்பாட்டு அனுமதி வேண்டும். நில மேலாண்மைப் பணியகமான பி.எல்.எம். நிலத்தில் அதற்குச் சிறப்புப் பொழுதுபோக்கு அனுமதி என்று பெயர். வனத்துறையின் முன்னுரிமை அனுமதி அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். அதற்குக் கட்டணமாக மொத்த வருவாயில் பொதுவாக 3 சதவீதம் அரசுக்குப் போகிறது. அனுமதியோடு ஒரு செயல்திட்டமும் இணைந்திருக்கும். எந்த இடங்களில் முகாம், எந்தத் தேதி முதல் எதுவரை, எத்தனை குதிரைகள் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். வில்டர்னஸ் எனப்படும் பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதிகளில் இத்தகைய தொழில் நடக்க 1964ஆம் ஆண்டின் வில்டர்னஸ் சட்டமே, தேவையான அளவுக்கு என்ற வரம்போடு, இடம் தருகிறது.

இந்த அனுமதி அவருக்கு மலையைச் சொந்தமாக்குவதில்லை. பள்ளத்தாக்கு, புல்வெளி, பாதை, அதில் நடக்கும் எல்க் எதையும் அவர் "என்னுடையது" என்று சொல்ல முடியாது. பொதுநிலத்தில் செல்லுபடியாகும் உரிமம் வைத்திருக்கும் எவரும் அங்கே வேட்டையாடலாம். ஆனால் செயல்திட்டத்தில் அவருக்கு ஒதுக்கப்பட்ட முகாமிடம் வேறு விஷயம். அந்தத் தேதிகளில் அந்த இடம் அவர் பயன்பாட்டுக்கு உரியது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் ஒருவர் "பொதுநிலம்தானே" என்று அவருடைய கூடாரக் கம்பங்களுக்கு நடுவே படுத்துக்கொள்கிறார், இன்னொருவர் "அது அவுட்ஃபிட்டர் ஏரியா" என்று பயந்து ஒரு மலையையே விட்டுவிடுகிறார். இரண்டும் தேவையில்லை.

மாநிலத்துக்கு மாநிலம் சில வேறுபாடுகள் உண்டு. ஐடஹோவில் மாநில உரிம வாரியம் ஒவ்வோர் அவுட்ஃபிட்டருக்கும் ஒரு செயல்பாட்டுப் பகுதியைப் பிரித்துக் கொடுக்கிறது. அந்த எல்லை மற்ற அவுட்ஃபிட்டர்களைத்தான் கட்டுப்படுத்தும், உங்களை அல்ல. வயோமிங்கில் வெளிமாநிலத்தவர் வில்டர்னஸ் பகுதிக்குள் எல்க் வேட்டையாட உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அதற்கென இலவசச் சான்று பெற்ற உள்ளூர்வாசியோ உடன் வரவேண்டும். அதனால் அங்குள்ள வில்டர்னஸ் பாதைகளில் அவுட்ஃபிட்டர் முகாம்களை அடிக்கடி பார்ப்பீர்கள்.

படி 2: ஜூலை, ஆகஸ்டிலேயே தொலைபேசியை எடுங்கள்

முதல் அழைப்பு நீங்கள் போகவிருக்கும் வனத்தின் ரேஞ்சர் மாவட்ட அலுவலகத்துக்கு. கேட்க வேண்டியது: இந்த ஓடைப் பள்ளத்தாக்கில் எந்த அவுட்ஃபிட்டருக்கு அனுமதி இருக்கிறது, ஒதுக்கப்பட்ட முகாம்கள் எந்தெந்த இடத்தில், எந்தத் தேதிகளில் ஆள் இருப்பார்கள். இவற்றை அலைபேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒதுக்கப்பட்ட இடங்கள் ஒன்றுக்கு மேல் இருந்து, அந்த வருடம் சில காலியாகக் கிடப்பதும் உண்டு, அதையும் கேளுங்கள்.

அதே அழைப்பில் தங்கும் நாள் வரம்பையும் கேட்டுவிடுங்கள். பல தேசிய வனங்களில் ஓரிடத்தில் 14 நாள், சிலவற்றில் 16 நாள். பி.எல்.எம். நிலத்தில் வழக்கமாக 28 நாளுக்குள் 14 நாள். தீ மூட்டத் தடை இருக்கிறதா, கரடிக்காக உணவு வைக்கும் விதி உண்டா, வாகனம் சாலையிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கலாம், குழுவுக்கு ஆள் வரம்பு என்ன என்பவையும் இப்போதே தெரியவேண்டும். கொலராடோவின் பல வில்டர்னஸ் பகுதிகளில் ஒரு குழுவில் 15 பேர், ஆளும் குதிரையும் சேர்த்து 25 என்பது உச்சவரம்பு.

இரண்டாவது அழைப்பைப் பலர் செய்வதே இல்லை. அது அவுட்ஃபிட்டருக்கு. "அக்டோபர் நடுவில் நாங்கள் நான்கு பேர் அந்த ஓடைப் பக்கம் வருகிறோம். உங்கள் முகாமுக்கு இடைஞ்சல் இல்லாமல் தங்க நினைக்கிறோம்" என்று சொன்னால் போதும். பெரும்பாலோர் முகம் கொடுத்துப் பேசுவார்கள். எந்தப் பக்கம் தங்கினால் இருவருக்கும் நல்லது என்று தாமாகவே சொல்பவர்களும் உண்டு. எல்க் விழுந்தால் இறைச்சியைக் குதிரையில் இறக்கித்தர என்ன கட்டணம் என்பதையும் அப்போதே கேளுங்கள். பருவத்தின் நடுவில், இரவு ஒன்பது மணிக்கு, இறைச்சி கெட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டால் குதிரை கிடைக்காது.

அமெரிக்காவில் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று: அத்தகைய விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருப்பது அந்தச் சட்டமே தரும் விலக்குகளில் ஒன்று. நண்பரின் ரைஃபிளை முகாமில் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே உரிமம் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

படி 3: டிரெயில்ஹெட்டில், அதாவது மலைப்பாதை தொடங்கும் இடத்தில், வண்டி நிறுத்துவது

முதல் உரசல் முகாமில் அல்ல, வண்டி நிறுத்துமிடத்தில் வரும். ஆறு குதிரை ஏற்றும் டிரெய்லரோடு ஒரு பிக்கப் வண்டி மிக நீளமாக இருக்கும். அதைத் திருப்ப ஒரு பெரிய வட்டம் தேவை. அந்த வட்டத்தின் நடுவில் உங்கள் கார் நின்றால், இருட்டில் பத்து குதிரைகளை இறக்க வந்தவர் என்ன செய்வார்?

குதிரை கட்டும் கம்பி, ஏற்றிறக்கும் மேடை, தண்ணீர்த் தொட்டி இவற்றை ஒட்டி நிறுத்தாதீர்கள். சிறிய வண்டிகளை ஓரமாக, ஒன்றையொன்று ஒட்டி, மூக்கு வெளியே பார்க்க நிறுத்துங்கள். டிரெய்லருக்குப் பின்னால் குறைந்தது 6 மீட்டர் வெற்றிடம் விடுங்கள், குதிரைகள் பின்புறமாகத்தான் இறங்கும். வாகன நிறுத்துமிடத்திலேயே கூடாரம் அடித்துத் தூங்குவதும் நல்லதல்ல. அவுட்ஃபிட்டர் ஆட்கள் விடிகாலை மூன்று, நான்கு மணிக்கே சேணம் பூட்டத் தொடங்கிவிடுவார்கள்.

படி 4: இடத்தைத் தேர்வது

மொத்த விஷயத்தின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. இதற்கு நேரம் கொடுங்கள்.

இரண்டு முகாம்களுக்கு இடையே இத்தனை அடி இருக்கவேண்டும் என்று நாடு முழுக்கப் பொருந்தும் சட்டம் இல்லை. நடைமுறையில் பயன்படும் அளவுகோல், ஒருவர் மற்றவரைப் பார்க்கவும் கேட்கவும் கூடாது என்பது. அடர்ந்த மரங்களுக்குள் 400 மீட்டர் போதலாம். திறந்த புல்வெளியின் இரு கரைகளில் 800 மீட்டரும் போதாது, விளக்கொளி அவ்வளவு தூரம் தெரியும், கோடரிச் சத்தமும் கேட்கும். வரைபடத்தில் தூரத்தை மட்டும் அளக்காதீர்கள். இடையில் ஒரு முகடோ, மலையின் ஒரு மடிப்போ இருந்தால் அது ஒரு கிலோமீட்டர் சமதளத்தைவிட மேலானது.

அடுத்தது காற்று. மலையில் காற்றுக்கு ஒரு நாள்முறை உண்டு. மாலையில் சரிவு நிழலாகிக் குளிர்ந்ததும் காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும், இரவு முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் வெயில் பட்டுச் சரிவு சூடான பிறகு, ஒன்பது பத்து மணி வாக்கில், திசை மாறி மேலே ஏறும். எல்க் இரவில் புல்வெளியில் மேய்ந்து, விடியலில் வடக்கு நோக்கிய சரிவுகளின் இருண்ட மரக்கூட்டத்துக்குள் போய்ப் படுக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் நீங்கள் கூடாரம் அடித்தால், உங்கள் விறகுப் புகை, பன்றி இறைச்சி வறுத்த வாசம், வியர்த்த சட்டை எல்லாம் இரவு முழுக்கக் கீழே வழிந்து மேய்ச்சல் புல்வெளியை நிரப்பும். விடியலுக்கு முன் அந்தப் புல்வெளியின் ஓரத்தில் அவுட்ஃபிட்டரின் வாடிக்கையாளர் காத்திருப்பார். எல்க் வராது. அவர் உங்களை ஒரு முறைகூடப் பார்த்திருக்கமாட்டார், ஆனாலும் அவருடைய வேட்டையை நீங்கள் கெடுத்திருப்பீர்கள். உங்களுடையதும் கெட்டிருக்கும். எல்க் அந்தப் பள்ளத்தாக்கை விட்டே போய்விடும், சில நேரம் தனியார் நிலத்துக்குள். அங்கே இருவருமே தொடரமுடியாது.

ஆகவே அவுட்ஃபிட்டர் முகாமைத் தாண்டி மேலே ஏறி, அவருக்கும் எல்க்குக்கும் நடுவில் குடியேறாதீர்கள். இதைவிட அவரைக் கோபப்படுத்துவது வேறில்லை, அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. அவருக்கு மேலே வேட்டையாட வேண்டுமானால் கீழேயோ பக்கத்து ஓடையிலோ தங்கி, இருட்டில் நடந்து ஏறுங்கள். கூடுதலாக ஒரு மணி நேர நடை ஆகும். அது நல்ல வேட்டைக்காரர் கொடுக்கும் விலைதான்.

தவிர்க்கவேண்டிய வேறு இடங்கள்:

- இரு முகடுகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் கணவாய். எல்க் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததுக்குப் போகும் வாசல் அது.
- புல்வெளியின் நடு. எல்க்கின் உணவும் குதிரைகளின் மேய்ச்சலும் அங்கேதான்.
- பாதைகள் பிரியும் சந்தி.
- எல்க் புரளும் சேற்றுக்குழி, ஊற்று. தண்ணீரிலிருந்து 200 அடி, அதாவது 60 மீட்டர் விலகியிருப்பது பொதுவான நெறி. பல வில்டர்னஸ் பகுதிகள் பாதையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் குறைந்தது 100 அடி என்று கட்டாயமாக்கியிருக்கின்றன.

ஆள் இல்லாத இடத்தில் கம்பங்கள் சாய்த்து வைத்திருக்கின்றன, விறகு வெட்டி அடுக்கியிருக்கிறது, குதிரை கட்டும் கம்பி இருக்கிறது என்றால் அது ஒதுக்கப்பட்ட முகாமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கம்பத்தையும் ஒரு துண்டு விறகையும் தொடாமல் கடந்துபோங்கள்.

நீங்கள் கூடாரம் அடித்த பிறகு ஒருவர் வந்து "இது என் இடம்" என்றால்? அனுமதியின் நகலையும் முகாமிட வரைபடத்தையும் காட்டுமாறு மரியாதையாகக் கேளுங்கள். ஒதுக்கப்பட்ட இடம்தான் என்று தெரிந்தால் அன்றே நகர்ந்துவிடுங்கள், குதிரைகள் இருப்பதால் உங்கள் சுமையை நகர்த்த அவர்களே உதவுவதும் நடக்கும். அது இல்லை, "பல வருடமாக இங்கேதான் தங்குகிறேன்" என்பது மட்டுமே வாதம் என்றால் நீங்கள் நகரவேண்டிய கட்டாயம் இல்லை. அப்போதும் பேசிப்பாருங்கள். அவருடைய குதிரைக்கு அந்த ஒரு தண்ணீர்ப் பாதைதான் வழி என்றால், நூறு மீட்டர் தள்ளிப்போவதால் உங்களுக்கு நட்டம் இல்லை.

படி 5: முதல் சந்திப்பு

அடுத்த முகாம் தெரிந்தால் வேட்டை தொடங்குவதற்கு முன் ஒருமுறை போய்வாருங்கள். நேரம் முக்கியம். காலை பதினொன்றிலிருந்து மதியம் இரண்டு வரை நல்லது. விடிகாலையில் சேணம் பூட்டும் அவசரம், மாலையில் இரவுச் சாப்பாட்டு வேலை. ரைஃபிளைக் கூடாரத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள். முகாமின் எல்லையில் நின்று குரல் கொடுத்து, அழைத்தபின் உள்ளே போங்கள். வாடிக்கையாளர்களிடம் பேச்சுக் கொடுக்காமல் பொறுப்பாளரைக் கேளுங்கள்.

சொல்லவேண்டியவை: எத்தனை பேர், எந்த நாள்வரை, கூடாரம் எங்கே, காலையில் எந்தப் பக்கம் நடக்கப்போகிறீர்கள், வில்லா ரைஃபிளா. கேட்கவேண்டியவை: "உங்கள் ஆட்கள் இருட்டில் எந்த வழியாக வருவார்கள்? குதிரைகளை இரவில் எங்கே மேய விடுகிறீர்கள்? நாங்கள் எந்தப் பக்கம் போகாமலிருந்தால் உங்களுக்கு உதவி?"

கடைசிக் கேள்விதான் கதவைத் திறக்கும். அதற்குப் பதிலாக அவர் பள்ளத்தாக்கு முழுவதையும் கேட்டால், ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. "கிழக்கு முகட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மேற்கு எங்களுக்கு" என்று நாளை ஒரு நாளுக்கு மட்டும் பிரித்துக்கொள்ளலாம், மறுநாள் மறுபடி பேசலாம். ஒத்துக்கொண்டதைக் காப்பாற்றுங்கள். "எல்க் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்காதீர்கள். வாடிக்கையாளர்கள் காசு கொடுப்பதே அந்தத் தகவலுக்கு. அவரே மனம் வந்து சொன்னால் அது கொடை.

படி 6: குதிரைகள், கோவேறு கழுதைகள்

குதிரை பழகாதவர்கள் தவறு செய்வது இங்கேதான், ஆபத்து அதிகமும் இங்கேதான். ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய எட்டுக் கோவேறு கழுதைகள், ஒவ்வொன்றும் 65, 70 கிலோ சுமையோடு, குறுகிய மலைப்பாதையில் வருகின்றன. ஒன்று மிரண்டால் எட்டும் சரிவில் போகலாம்.

எதிரே வரிசை வந்தால் வழிவிடவேண்டியவர் நீங்கள். பாதையின் சரிவுப் பக்கமாக, அதாவது கீழ்ப்பக்கம், சில அடி இறங்கி நில்லுங்கள். மிரண்ட விலங்கு மேட்டை நோக்கிப் பாய்வது பாதுகாப்பு. நிலம் செங்குத்தாக இருந்து அப்படி நிற்க முடியாவிட்டால், முன்னால் வருபவர் சொல்லும் இடத்தில் நில்லுங்கள். மரத்துக்குப் பின்னால் ஒளியாதீர்கள். பெரிய முதுகுப் பையோடு, கொம்பைச் சுமந்தபடி, சத்தமில்லாமல் நிற்கும் உருவம் குதிரைக்குக் கொன்றுதின்னும் விலங்காகத் தெரியும். சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே இருங்கள், அப்போது அது மனிதன் என்று புரிந்துகொள்ளும். கடைசி விலங்கு கடந்து கொஞ்ச தூரம் போகும்வரை அசையாதீர்கள். நாய் இருந்தால் வாரில் கட்டிக் குட்டையாகப் பிடியுங்கள்.

காற்றில் படபடக்கும் நீலத் தார்ப்பாய், பாதையோரம் தொங்கும் சட்டை, பளபளக்கும் போர்வை இவையும் வரிசையை மிரட்டும். பாதையிலிருந்து விலகிக் கூடாரம் அடிக்க இது தனிக் காரணம்.

இரவில் மணி ஓசை கேட்டால் அது பெரும்பாலும் கழுத்தில் மணி கட்டிய பெண்குதிரை. கோவேறு கழுதைகள் அதைச் சுற்றியே மேயும். விடியலில் அந்த ஓசையை வைத்துத்தான் ஆட்கள் அவற்றைத் தேடுவார்கள். அவிழ்ந்த குதிரை உங்கள் முகாமுக்கு வந்தால் விரட்டாதீர்கள், பிடித்தால் தளர்வாகக் கட்டிவைத்து ஆளை அனுப்பித் தெரிவியுங்கள். பிடிக்கத் தெரியாவிட்டால் எந்தத் திசையில் போனது என்பதை மட்டும் போய்ச் சொன்னாலும் போதும். புல்வெளியில் வெள்ளை நாடா கட்டிய மின்வேலி இருந்தால் அதைத் தொடவும் அவிழ்க்கவும் கூடாது, சுற்றிப் போங்கள்.

உங்களிடமே குதிரை இருந்தால், களைவிதை இல்லை என்று சான்றளிக்கப்பட்ட தீவனம் மட்டும் கொண்டுவாருங்கள். மேற்கு மாநிலங்களின் தேசிய வனங்களில் இது பரவலாகக் கட்டாயம். மரத்தில் நேராகக் கயிறு கட்டாமல், 5 சென்டிமீட்டர் அகலப் பட்டை சுற்றி, இரு மரங்களுக்கிடையே தலைக்கு மேலே கட்டிய கயிற்றில் குதிரையை நிறுத்துங்கள். தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி. அவுட்ஃபிட்டரின் குதிரைகள் மேயும் அதே புல்வெளியில் உங்களுடையதையும் அவிழ்த்துவிட்டால் உதையும் கடியும் நடக்கும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படி 7: இருட்டில் கிளம்பும்போது

தலைவிளக்கை அணைக்காமல் வெளிச்சத்தோடு நடங்கள். பாதையில் இன்னொரு ஒளி உங்களுக்கு முன்னே ஏறிக்கொண்டிருந்தால், அந்த முகடு அன்று அவருடையது. வேறு வழி எடுங்கள். புல்வெளி ஓரத்துக்கு வந்த பிறகு அங்கே ஏற்கனவே ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தால், அவர் பார்த்துக்கொண்டிருக்கும் வெளியைக் குறுக்கே கடக்காமல் வந்த வழியே திரும்புங்கள்.

செப்டம்பரில் வில் வேட்டையின்போது எதிரே கேட்கும் எல்க் கூவல், எல்க்கைப் போலக் கூவ இன்னொரு வேட்டைக்காரர் ஊதும் குழலாகவும் இருக்கலாம். மனிதன் என்று தெரிந்ததும் மெல்லக் குரல் கொடுத்து விலகிவிடுங்கள். ரைஃபிள் பருவத்தில் கொலராடோவில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளிச்சிடும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ கட்டாயம், தலையிலும் அந்த நிறம் வேண்டும். முகாமுக்கும் தண்ணீருக்கும் நடக்கும்போதுகூட அதைப் போட்டிருப்பது புத்திசாலித்தனம்.

தேசிய வனத்தில் முகாமிடம், கட்டடம், ஆள் இருக்கும் இடம் இவற்றிலிருந்து 150 கஜத்துக்குள், சுமார் 137 மீட்டர், துப்பாக்கி சுடக்கூடாது. அம்புக்கும் இந்த விதி உண்டு. இது சட்டத்தின் குறைந்தபட்சம். ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் பறக்கும் என்பதால், அடுத்த முகாம் எந்தத் திசை என்பது சுடுவதற்கு முன் உங்கள் மனதில் இருக்கவேண்டும். படி 5இல் போய்ப் பார்த்துவந்ததன் பெரிய பலன் இது.

காயம்பட்ட எல்க்கின் இரத்தத் தடம் அவர்கள் முகாம் பக்கம் போனால், ஒருவரை அனுப்பித் தெரிவித்துவிட்டுத் தொடருங்கள். அவர்களுடைய காயம்பட்ட மிருகம் உங்கள் முன்னே வந்து விழுந்தால், அதைத் தொடர்ந்து வருபவருக்காகக் காத்திருங்கள்.

படி 8: எல்க் விழுந்த பிறகு

வளர்ந்த ஆண் எல்க் உயிரோடு சுமார் 320 கிலோ இருக்கும். எலும்பு நீக்கிய இறைச்சியே 80 முதல் 110 கிலோ வரை வரும். ஒருவர் முதுகில் சுமந்தால் நான்கைந்து நடை. குதிரையில் என்றால் வழக்கமாக இரண்டு சுமைவிலங்குகள் போதும். வில்டர்னஸ் பகுதிக்குள் சக்கர வண்டி, கைவண்டி உட்பட, எதற்கும் இடமில்லை. மோட்டார் ரம்பமும் கூடாது.

அவுட்ஃபிட்டரிடம் முன்பே பேசியிருந்தால் இப்போது ஆள் அனுப்புங்கள். இறைச்சி இறக்கும் சேவையும் அவருடைய அனுமதிக்குள் இருக்கவேண்டும். குதிரையில் எதிரே வந்த யாரிடமோ பணம் கொடுத்து இறக்கச் சொல்வது, அனுமதியில்லாமல் தேசிய வனத்தில் தொழில் நடத்துவதற்குத் துணைபோவது. குதிரை வருவதற்குள் தோலை உரித்து, கால்பகுதிகளைப் பிரித்து, மூச்சுவிடும் துணிப்பைகளில் நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் சூடு வெளியேறாமல் கெட்டுவிடும்.

கரடி இருக்கும் இடங்களில் உங்கள் இறைச்சி அடுத்த முகாமின் பிரச்சினையும் ஆகும். கிரிஸ்லி கரடிப் பகுதிகளின் உணவு விதிகள், உணவையும் இறைச்சியையும் தரையிலிருந்து 10 அடி உயரத்திலும் மரத்திலிருந்து 4 அடி தள்ளியும் தொங்கவிடச் சொல்கின்றன. கரடியால் திறக்க முடியாத, அங்கீகரிக்கப்பட்ட பெட்டியும் ஏற்கப்படும். குடல்குவியலை எந்தப் பாதையின் அருகிலும், யாருடைய முகாமுக்கு மேலேயும், எந்த ஓடையிலும் விடாதீர்கள். குடலும் எலும்பும் கிடக்கும் இடத்தை அன்றே அவுட்ஃபிட்டரிடம் சொல்லிவிடுங்கள். மறுநாள் அவருடைய வாடிக்கையாளர் இருட்டில் அந்த வழியே வந்தால், குவியலின் மேல் கரடி நிற்கலாம்.

படி 9: அன்றாடம்

ஜெனரேட்டர் வேண்டாம். பாட்டும் வேண்டாம். இரவு ஒன்பது மணிக்குள் குரலை அடக்குங்கள், பக்கத்து முகாமில் மூன்று மணிக்கு எழுபவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் எடுக்க, குதிரைகள் குடிக்கும் இடத்துக்கு மேல்பக்கம் போங்கள், காய்ச்சியோ வடிகட்டியோ குடியுங்கள். மலக்குழி 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம், தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தூரம். அவர்களுடைய கழிப்பிடத்தையும் விறகையும் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள். விறகு சேர்க்கவும் அவர்கள் முகாமுக்கு எதிர்ப்பக்கம் போங்கள்.

படி 10: பேச்சு முறிந்தால்

பொதுநிலத்தில் "இங்கே வேட்டையாடக் கூடாது" என்று ஒருவர் தானாகப் பலகை வைப்பது, உங்கள் பின்னாலேயே குதிரை ஓட்டி எல்க்கைக் கலைப்பது, கூடாரத்தைக் கலைத்துப்போடுவது ஆகியவை பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. வேட்டையாடுகிறவரை வேண்டுமென்றே இடைஞ்சல் செய்வதைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இருக்கிறது. அது உங்களையும் கட்டுப்படுத்தும் என்பதையும் மறக்கவேண்டாம்.

அந்த இடத்திலேயே வாதாடாதீர்கள். எல்லார் கையிலும் துப்பாக்கி இருக்கும் இடத்தில் குரல் உயர்த்துவது முட்டாள்தனம். நாள், நேரம், இடத்தின் ஆயத்தொலைவு, என்ன நடந்தது, வண்டி எண் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பலகையையும் சேதத்தையும் படமெடுங்கள். அனுமதி தொடர்பானது என்றால் ரேஞ்சர் மாவட்ட அலுவலகம், வேட்டை விதி தொடர்பானது என்றால் மாநில வனவிலங்கு அதிகாரி, உரிமம் இல்லாத அவுட்ஃபிட்டர் என்று தோன்றினால் மாநில உரிம வாரியம். செயல்திட்டத்தை மீறியதற்கான எழுத்துப்பூர்வமான புகார், அனுமதியைப் புதுப்பிக்கும் வேளையில் கோப்பில் இருக்கும். மலையில் போடும் சத்தத்தைவிட அதற்கு வலு அதிகம்.

படி 11: கிளம்பும் நாள்

முந்தின நாள் மாலையே அவுட்ஃபிட்டரிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் பக்கத்து முகட்டை அவர் மறுநாளே பயன்படுத்திக்கொள்ளலாம், பாதையில் வரிசையோடு நீங்கள் மோதிக்கொள்ளவும் வேண்டியிருக்காது. நெருப்பில் தண்ணீர் ஊற்றி, கிளறி, கையால் தொட்டுச் சூடில்லை என்று பார்த்துவிட்டு, சாம்பலைப் பரப்பிக் கல்வட்டத்தைக் கலைத்துவிடுங்கள். குதிரைச் சாணத்தைக் காலால் சிதறடியுங்கள், குவியலாக விட்டால் புல் செத்துப்போகும். மரத்தில் கட்டிய கயிறு, இறைச்சி தொங்கவிட்ட கம்பி, ஆணி எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. எல்க்கின் மூளையும் முதுகெலும்பும் வீட்டுக்குப் போகவேண்டாம். மான் இனங்களில் பரவும் சி.டபிள்யூ.டி. என்ற நோயைத் தடுக்கப் பல மாநிலங்கள் அவற்றை எல்லை தாண்டிக் கொண்டுவர அனுமதிப்பதில்லை. தலையைப் பரிசோதனைக்குக் கொடுக்கவேண்டிய பகுதியா என்பதை மாநில வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.